பெயரின் கீழ்ப்பாதி

எங்கள் பிரபு பெயர் மாற்றிக்கொண்ட கதையைக் கேட்டுச் சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். நானும் சிரித்திருக்கிறேன், அதுவும் அவன் முகத்துக்கு நேராகவே. எனக்கு அந்த உரிமை உண்டு. அவனுக்குப் பால் கொடுத்து வளர்த்தவள் என் அம்மா. அவனைவிட ஒரு வயது மூத்தவள் நான். ஒரே மடியில் இடம் பிடிக்க இருவரும் மயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டவர்கள். ஊர் முன்னால் அவன் ஐயா, நான் கோட்டை அந்தப்புரத்தைப் பார்த்துக்கொள்ளும் குரி என்கிற வேலைக்காரி. ஆள் இல்லாத நேரத்தில் நான் அக்கா, அவன் குமா. குமாவாகா என்பது அவனுடைய பிள்ளைப் பெயர். கரடிக்குட்டி என்று அர்த்தம். எந்தக் கரடியும் அத்தனை ஒல்லியாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஆண்பிள்ளை பெரியவனாகி முன்மயிர் சிரைக்கும் நாளில் பிள்ளைப் பெயர் போய்ப் பெரிய பெயர் வரும். அது இரண்டு எழுத்து, எங்கள் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு முழுச் சொல் மாதிரி. கீழ் எழுத்து குலத்துடையது. எங்கள் ஷிகினோ குலத்துக்கு அது ‘தோமோ’. மேல் எழுத்தை, நமக்கு மேலே யார் இருக்கிறாரோ அந்தப் பெரிய பிரபு தன் பெயரிலிருந்து கிள்ளிக் கொடுப்பார். தடித்த வெள்ளைத் தாளில் ஒரே ஓர் எழுத்து வரும். அதற்குப் பதிலாக இங்கிருந்து நல்ல குதிரையும் வாளும் பட்டும் போகும். இதைவிட லாபமான வியாபாரத்தை நான் எந்தச் சந்தையிலும் கண்டதில்லை. தலையெழுத்து என்று சும்மாவா சொல்கிறார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு பாடுபட்டு வாங்கும் பெயரை யாரும் வாயால் சொல்லக்கூடாது. பெற்றவள் சொல்லமாட்டாள், கட்டினவள் சொல்லவே மாட்டாள். வேலைக்காரன் சொன்னால் தலை போகும். பெரிய ஓலைகளுக்கு அடியில் எழுதுவதற்கு மட்டும்தான் அந்தப் பெயர். மற்றபடி அது பெட்டியில் பூட்டி வைத்த பட்டாடை மாதிரி கிடக்கும்.

குமாவுக்கு முதல் எழுத்துக் கொடுத்தவர் வடக்கு மலைக்கு அப்பால் இருந்த சுகேயோஷி. அதனால் சுகேதோமோ ஆனான். பிறகு தாச்சிஹாரா ஹாருஹிசா என்பவர் சுகேயோஷியின் கோட்டையைக் கொளுத்திச் சாம்பலாக்கினார். குமா ‘சுகே’வைக் கழுவிவிட்டு ஹாருதோமோ ஆனான். எங்களைப் போன்ற சின்னக் கோட்டைக்காரர்களுக்கு வேறு வழி கிடையாது. இரண்டு யானைகளுக்கு நடுவில் வீடு கட்டிக்கொண்டவன், எந்த யானை எழுந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டேதான் தூங்கவேண்டும்.

இந்த இரண்டாவது எழுத்தோடு ஒரு பெண்ணும் சேர்ந்து வந்தாள். ஹாருஹிசாவின் தங்கை ஷினோ. வந்த புதிதில் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. ஊறிய முள்ளங்கியைச் சத்தமே வராமல் கடித்துத் தின்பவளை எப்படி நம்புவது? நடந்தால் காலடி கேட்காது. கோபம் வந்தால் குரல் இன்னும் மெதுவாகும். ஆனால் மழைக்காலத்தில் அவர்கள் இருவரும் கறுப்பு வெள்ளைக் காய் வைத்து விளையாடும்போது பார்க்கவேண்டும். குமா ஒவ்வொரு முறையும் தோற்பான். பலகை சாய்ந்திருக்கிறது, காற்று அடித்தது என்று ஏதாவது சொல்லுவான். சிரிப்பை அடக்க அவள் படும் பாட்டைப் பார்த்துத்தான் எனக்கு அவள்மேல் ஆசை வந்தது. போருக்குப் போன இடத்திலிருந்து திரும்பும்போதெல்லாம் அவன் முதலில் கேட்பது அந்தப் பலகையைத்தான். நாவோ என்று ஒரு மகள் பிறந்தாள். அந்த வீட்டில் சந்தோஷம் இருந்தது. பிரபுக்களின் வீட்டில் அது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

நாவோ நெற்றிக் கூந்தல் வெட்டிக்கொள்ளும் சின்ன வயதில் இருந்தபோது கிழக்கிலிருந்து குரோசாகா கானேஹிரா வந்தார். வந்தார் என்று சொல்வது மரியாதைக்கு. பள்ளத்தாக்கில் எங்களுக்குக் கீழே இருந்த கோட்டைகளை வரிசையாக விழுங்கிக்கொண்டே மேலே ஏறினார். குமா மைத்துனரிடம் படை கேட்டு ஆள் அனுப்பினான். ஹாருஹிசா ஒரு பெட்டி நிறையக் காய்ந்த சிப்பிக்கறியும், தைரியமாக இரு என்ற செய்தியும் அனுப்பிவைத்தார். சிப்பி நன்றாகத்தான் இருந்தது.

கூட்டத்தில் எல்லோரும் சண்டை என்றார்கள். நடக்கக் கோல் தேவைப்படும் காரியஸ்தர் ஹாயாமிகூடச் சண்டை என்றார். குமா எழுந்து மதில்மேல் போய் நின்றான். கீழே வயல் முழுக்க நெல் தலைசாய்ந்து நின்றது. நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன்.

“சண்டை போட்டா நாம போவோம், பேரு நிக்கும். போடலன்னா பேரு போகும், நாம நிப்போம். எது பெருசு அக்கா?” என்று கேட்டான்.

“இந்த நெல்ல யாரு அறுக்கறதுன்னு முதல்ல சொல்லு,” என்றேன்.

அவன் கஞ்சியை முழுக்கக் குடித்தான். அன்றே கானேஹிராவுக்குப் பணிவதாகச் சொல்லி ஆள் போனது.

பதிலோடு வந்தவன் பெயர் ஓமுரோ. உப்பிய கன்னமும் சின்னக் கண்ணுமாக, எதைப் பார்த்தாலும் விலை போடுகிற ஆள். அரக்குத் தட்டில் வெள்ளைத் தாள் இருந்தது, அதில் ‘கானே’ என்ற எழுத்து. குமா குனிந்து இரண்டு கையாலும் வாங்கித் தலைக்குமேல் தூக்கினான். கானேதோமோ ஆகிவிட்டான். ஓமுரோ பின்னாலேயே நிபந்தனையைச் சொன்னான். தாச்சிஹாரா வீட்டுப் பெண்ணைத் தாச்சிஹாரா வீட்டுக்கே திருப்பி அனுப்பவேண்டும். உறவு முறிந்தால் பெண் பிறந்த வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். அதை யாரும் அநியாயம் என்று சொல்லமுடியாது. குமா மட்டும் கேட்டான், அவள் இங்கேயே ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று. அவன் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

ஓமுரோ விசிறியை மடக்கினான். “அம்மாவ அனுப்பறது பெருசில்ல. எப்படி அனுப்பறீங்கன்னு நான் இருந்து பாக்கணும். மனசார முறிஞ்சிருந்தா சந்தோஷம். இல்ல, பின்வாசல் ஒண்ண திறந்து வெச்சிருக்கீங்கன்னு எனக்குப் பட்டா, உங்க பொண்ணு என்கூட வரும். எங்க கோட்டைல பத்திரமா இருக்கும்,” என்றான்.

பத்திரம் என்றால் என்ன என்று எங்களுக்கெல்லாம் தெரியும். குரோசாகா கோட்டையில் பிணையாக இருந்த பிள்ளைகளை, அவர்களுடைய அப்பன்மேல் சந்தேகம் வந்தபோது ஆற்றங்கரையில் என்ன செய்தார்கள் என்று பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும்.

குமாவுக்கோ நடிப்பு என்பது துளியும் வராது. மனைவியை விலக்கி அனுப்புகிறவன் செய்யக்கூடாத எல்லாவற்றையும் செய்தான். பல்லக்குக்கு உள்ளே புதுப் பஞ்சு வைக்கச் சொன்னான். கணவாயில் குளிருமே என்று கரித்தொட்டி வைக்கச் சொன்னான். பல்லக்குத் தூக்கிகளைத் தானே நிற்கவைத்துப் பார்த்து, ஒருவன் நொண்டுகிறான் என்று மாற்றினான். அவளுக்கு வயிற்றுவலி வந்தால் கொடுக்கும் மருந்தைக்கூட மறக்கவில்லை. இதையெல்லாம் ஓமுரோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். நான் சாக்கே மது ஊற்றும்போது தன் ஆளிடம் சொன்னான், இது விலக்கல் இல்லை, திருவிழாவுக்கு அனுப்புவது, சின்னப் பெண்ணுக்கு ஒரு குதிரை தயார் செய் என்று. குடுவையை அங்கேயே வைத்தேன். நான் நேராக ஷினோ அம்மாவிடம் போனேன்.

அவள் கட்டின பெண்களின் வழக்கப்படி பல்லுக்குக் கறுப்புத் தீட்டிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுத் தூரிகையைக் கீழே வைத்தாள். நாவோ அடுத்த அறையில் துணிப் பொம்மையை அதட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

“குரியக்கா, ஒரு ஆம்பளைய நாலு பேர் முன்னாடி தலைகுனிய வைக்கணும்னா உங்க ஊருல என்ன சொல்லித் திட்டுவாங்க?” என்று கேட்டாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்லவேண்டுமே. எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. சாணத்தில் ஆரம்பித்து, குதிரையின் பின்பக்கம் வழியாக, பெற்றவள்வரை போகலாம். பெற்றவள் பக்கம் மட்டும் வேண்டாம், பால் கொடுத்தது என் அம்மா என்று சொல்லிவிட்டேன். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். அந்தக் குரலில் சொன்னால் சாணம்கூடச் சந்தனம் மாதிரி இருந்தது. கோயிலில் மந்திரம் சொல்கிறவள் மாதிரி, ‘குதிரை லத்தி’ என்று அவள் மெதுவாகச் சொன்னதும் என்னால் அடக்கமுடியவில்லை. அவளும் சிரித்தாள். இருவரும் வாயில் துணியைத் திணித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். அந்த நீர் எப்போது வேறு நீராக மாறியது என்று சொல்லத் தெரியவில்லை.

“இதெல்லாம் எனக்கு வராது. விடுங்க, என்கிட்ட ஒண்ணு இருக்கு,” என்றாள் கடைசியில். பிறகு என் கையைப் பிடித்தாள். “அவர்கிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா அவர் மூஞ்சியே காட்டிக்குடுத்துடும். அவருக்கு நெஜமாவே கோவம் வரணும்.”

மறுநாள் காலை வாசலில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். ஓமுரோ மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் சேணம் போட்ட சின்னக் குதிரை நின்றது. நாவோ என் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குமா சடங்கு உடையில், கல்லால் செய்த முகத்தோடு நிற்கப் பார்த்தான், முடியவில்லை. ஷினோ வந்தாள். வழக்கப்படி அவள் தரையில் கைவைத்து வணங்கிவிட்டுப் பல்லக்கில் ஏறவேண்டும். அவள் வணங்கவில்லை. நிமிர்ந்து நின்று அவன் முகத்தைப் பார்த்தாள்.

“கானேதோமோ,” என்றாள்.

எந்த மனிதரும் வாயால் சொல்லாத பெயர். ஐயா இல்லை, பிரபு இல்லை, பின்னொட்டு ஒன்றும் இல்லை. குதிரைக்காரனைக் கூப்பிடுவதுபோல வெறும் பெயர்.

“உன்னத்தான் கானேதோமோ. எங்கண்ணன் குடுத்த எழுத்தக் கழுவிட்டு, இன்னொருத்தன் எழுத்தத் தூக்கித் தலைமேல வெச்சிருக்க. நாளைக்கு வேற ஒருத்தன் வந்தா இதையும் கழுவுவ. உன் பேருல உன்னோடதுன்னு என்ன இருக்கு? பாதி. அதுவும் கீழ்ப்பாதி.”

அவள் குரலை உயர்த்தவே இல்லை. அந்த வாசலில் கடைசியாக நின்ற தூக்கிவரை கேட்டது. குமாவின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. கை வாளுக்குப் போனதை நான் பார்த்தேன். பாதி உருவிவிட்டான். கிழவர் ஹாயாமி கோலைப் போட்டுவிட்டு ஓடி வந்து இரண்டு கையாலும் அவன் முழங்கையைக் கட்டிக்கொண்டார். அவள் நகரவில்லை. கண்ணைக்கூட இமைக்கவில்லை. வெட்டட்டும் என்றே நின்றாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

“இவள இங்கேருந்து கொண்டு போங்க,” என்றான் குமா. அது அவனுடைய குரல் மாதிரியே இல்லை. “இனிமே இந்த வாசல் பக்கம் வந்தா உயிரோட திரும்பமாட்டா.”

அவள் தானே நடந்துபோய்ப் பல்லக்கில் ஏறித் திரையை இழுத்துவிட்டாள். மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். ஓமுரோ தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். தாச்சிஹாரா வீட்டுப் பெண்ணுக்கு நாக்கு இருக்கிறது, இவ்வளவு கேட்டபிறகு எந்த ஆண்பிள்ளையும் அந்த வீட்டுப் பக்கம் போகமாட்டான் என்றான். பெண்பிள்ளை பெற்றவரோடேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டுக் கிளம்பினான். சின்னக் குதிரை சேணத்தோடு காலியாகப் போனது. நாவோ அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அப்பாவை அம்மா திட்டினாள் என்பதுதான் அவளுக்கு நினைவில் நின்றது. அதற்காக வெகுகாலம் அம்மாவை மன்னிக்கவில்லை. பெரியவளானதும் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலையில் குமா ஷினோவின் அறையைக் காலிசெய்யச் சொன்னான். திரைகளை எரிக்கவேண்டும், காய்ப் பலகையை உடைக்கவேண்டும் என்றான். நான் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவை இழுத்தேன். குதிரை எப்படித் தயாரானது, அவள் என்னிடம் என்ன கேட்டாள், ‘குதிரை லத்தி’ சொல்லி எப்படிச் சிரித்தோம், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவன் பலகைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான்.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே அக்கா.”

“சொல்லியிருந்தா நீ வாள உருவியிருக்க மாட்ட.”

“நான் நெஜமாவே வெட்டியிருப்பேன். ஹாயாமி புடிக்கலன்னா வெட்டியிருப்பேன்.”

“தெரியும். அவளுக்கும் தெரியும்.”

அவன் அழுதான். சின்னப் பிள்ளையில் என் அம்மா மடியில் அழுத மாதிரி, முகத்தை மூடாமல் அழுதான். எனக்கு அவன்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பலகையை யாரும் உடைக்கவில்லை.

புதிதாகப் பணிந்தவனை முன்வரிசையில் நிறுத்துவது பெரியவர்களின் வழக்கம். அடுத்த வசந்தத்தில் கானேஹிரா தாச்சிஹாரா கோட்டையைத் தாக்கினார். முன்வரிசையில் எங்கள் ஆட்கள்தான் நின்றார்கள். கோட்டை எரிந்தது. ஹாருஹிசா வயிற்றைக் கிழித்துக்கொண்டார். ஷினோவும் மற்றப் பெண்களும் அவரோடேயே முடிந்துபோனார்கள் என்றார்கள் சிலர். நெருப்புக்கு முன்பே மலைக்கோயில் பக்கம் ஒரு கூட்டம் இறங்கிப்போனது என்றார்கள் சிலர். குமா சாம்பல் ஆறியதும் தானே போய்த் தேடினான். பிறகு கோயில் கோயிலாக ஆள் அனுப்பினான். துறவியாகி மொட்டையடித்த பெண்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள், பழைய பெயரை யாரும் சொல்லவில்லை. வருஷங்கள் போயின. அவன் வேறு பெண் கட்டிக்கொள்ளவில்லை. காரியஸ்தர்கள் எடுத்துச் சொன்னபோதெல்லாம் பிறகு பார்க்கலாம் என்பான்.

மேற்கிலிருந்து எல்லோரையும்விடப் பெரிய ஒரு யானை வந்தது. குரோசாகா வீடு ஒரே கோடையில் தரைமட்டமானது. எங்களிடம் ஓமுரோவைப் போலவே இன்னொரு ஆள் வந்தான், அதே மாதிரி அரக்குத் தட்டு, அதே மாதிரி வெள்ளைத் தாள். கானேஹிராவின் எழுத்தை யாரும் இனி வைத்திருக்கக்கூடாது, கழுவிவிட்டுப் புதிய எழுத்தை வாங்கிக்கொண்டால் கோட்டையும் நிலமும் அப்படியே இருக்கும் என்றான். காரியஸ்தர்கள் பதில் மரியாதைக்குக் குதிரை பார்க்கவே கிளம்பிவிட்டார்கள். எங்களுக்கு இது பழகிப்போன காரியம்.

குமா தட்டைத் தொடவில்லை. எனக்கு வயதாகிவிட்டது, இந்த எழுத்து நாவோவைக் கட்டின என் மருமகனுக்கு ஆகட்டும், கோட்டையும் அவனுக்கே ஆகட்டும், என் பெயர் என்னோடு கிடக்கட்டும் என்றான். வந்தவனுக்கு அது பிடிக்கவில்லை. பகைவனின் எழுத்தைச் சுமக்கிறவன் கோட்டைக்குள் இருக்கக்கூடாது, மலையைவிட்டு இறங்கவேண்டும், வாளும் குதிரையும் கிடையாது, ஏவலாள் கிடையாது என்றான். அப்படியே ஆகட்டும் என்றான் குமா. அவன் தகப்பனும் பாட்டனும் ரத்தம் சிந்தி வைத்திருந்த கோட்டை அது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஐயா எல்லாம் போய்விட்டது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு வாய்க்கு வந்தபடி பேசினேன். சட்டை மாற்றுவதுபோல மூன்று முறை மாற்றியவனுக்கு நாலாவது முறை மட்டும் என்ன வந்தது? அந்தக் கானேஹிரா என்ன இவனுக்கு மாமனா மச்சானா? மகளை ஆற்றங்கரைக்கு இழுத்துப் போகத் தயாராக இருந்தவன். அவன் எச்சில் எழுத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, இந்த வயதில் குடிசையில் போய் உட்காரவேண்டுமா? நாளைக்கு எனக்கும் சேர்த்து யார் கஞ்சி காய்ச்சுவது?

அவன் நான் முடிக்கும்வரை காத்திருந்தான்.

“சுகேதோமோன்னு என்ன யாரும் கூப்பிட்டதில்ல அக்கா. ஹாருதோமோன்னும் கூப்பிட்டதில்ல. கானேதோமோன்னு அவ கூப்பிட்டா.”

“கூப்பிடலடா குமா, அவ திட்டினா.”

“திட்டத்தான் செஞ்சா,” என்றான். “வேற யாரு கூப்பிட்டாங்க?”